இடுப்பு மூட்டுக்கு மறுவாழ்வு தந்த சேர் ஜோன் சார்ன்லி

முதுமையில் இடுப்பு மூட்டுத் தேய்ந்து, படியேறவும் நாற்காலியை விட்டு எழவும் இயலாது தவிக்கும் தாய் தந்தையர் எம்மவர் இல்லங்கள் பலவற்றிலும் உள்ளனர். பிரித்தானியாவில் வாழ்வோர் இவர்களுக்காகப் பொது வைத்தியசாலையின் கடிதத்தை எதிர்பார்த்து மாதக்கணக்கில் காத்திருக்கின்றனர். இந்த நீண்ட வரிசை எங்ஙனம் தோன்றியது என்பதை அறிய விரும்புவோர், அந்தச் சிகிச்சையை உலகுக்கு அளித்த மனிதரின் வரலாற்றை அறிதல் வேண்டும். அவருக்கு முன்னர் இப்படியொரு வரிசை இருக்கவில்லை. காத்திருப்பதற்கு நம்பகமான சிகிச்சை எதுவும் இல்லாதிருந்தமையே அதற்குக் காரணம்.

ஜோன் சார்ன்லி 1911 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29 ஆம் திகதி, இங்கிலாந்தின் லங்காஷயர் மாநிலத்தில் பெரி என்னும் நெசவாலை நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரில் மருந்துக்கடை நடத்தியவர். தாயார் தாதியாகப் பயிற்சி பெற்றவர். மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1935 இல் பட்டம் பெற்ற சார்ன்லி, அடுத்த ஆண்டே, தமது 25 ஆவது வயதில், சத்திரசிகிச்சை நிபுணருக்குரிய உயர் தகைமையையும் பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இராணுவ மருத்துவப் படையில் இணைந்தார். 1940 இல் டன்கேர்க் கடற்கரையிலிருந்து படையினரை மீட்கும் பணியிலும் பங்குகொண்டார். பின்னர் எகிப்தின் கெய்ரோ நகரில் எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகையில், இராணுவப் பட்டறையின் துணைகொண்டு காலுக்கான தாங்கு கருவிகளைத் தாமே வடிவமைத்தார். மருத்துவராக இருந்தபடியே பொறியியலாளரின் கண்கொண்டு உடலை நோக்கும் பழக்கம் அவரிடம் அங்கேயே வளர்ந்தது.

போர் முடிந்தபின் மன்செஸ்ரர் திரும்பிய அவர் 1947 இல் அந்நகரின் பெரிய வைத்தியசாலையில் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரானார். மறு ஆண்டு, 1948 யூலை 5 ஆம் திகதி, பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. செல்வரும் வறியவரும் ஒரே வாயிலால் நுழைந்து கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் ஏற்பாடு அது. அதுவரை வசதியின்மையால் நோயை மறைத்து வாழ்ந்தோர் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். காத்திருப்போர் பட்டியலும் அச்சேவையுடன் கூடவே வளர்ந்தது.

எனினும் இடுப்பு மூட்டு நோயாளருக்கு அன்று வழங்கக்கூடியது மிகச் சொற்பமே. மூட்டை அசையாதபடி எலும்போடு எலும்பாகப் பொருத்திவிடுவது ஒரு முறை. தொடை எலும்பை வெட்டிக் கோணம் மாற்றுவது இன்னொரு முறை. பிரான்சு நாட்டின் யூடே சகோதரர்கள் 1946 இல் அக்ரிலிக் பிளாஸ்ரிக்கினால் ஆன செயற்கை எலும்புத் தலையை அறிமுகப்படுத்தினர். அதனைப் பொருத்திக்கொண்ட ஒரு நோயாளி சார்ன்லியிடம் வந்தார். அவர் மேசையில் சாயும் போதெல்லாம் இடுப்பிலிருந்து கிறீச்சென ஒலி எழுந்ததாம். அதைப் பொறுக்கமாட்டாத மனைவி அறையை விட்டே வெளியேறுவாராம்.

பிறர் நகைத்து விட்டுவிடக்கூடிய இச்செய்தி சார்ன்லியைச் சிந்திக்க வைத்தது. ஒலி எழுவதாயின் உராய்வு மிகுதி. உராய்வு மிகுந்தால் செயற்கை மூட்டு நாளடைவில் எலும்பிலிருந்து தளர்ந்துவிடும் என அவர் கண்டார். ஆகவே உராய்வு குறைந்த மூட்டு வேண்டும். சிறிய உலோகப் பந்து, வழுக்கும் தன்மையுள்ள பிளாஸ்ரிக் கிண்ணம், இரண்டையும் எலும்புடன் இறுகப் பிணைக்கப் பல் வைத்தியத்தில் பயன்பட்ட அக்ரிலிக் சீமெந்து என மூன்றும் சேர்ந்த ஒரு முறையை அவர் வகுத்தார். பந்தின் விட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து 22 மில்லிமீற்றர் அளவுக்குக் கொண்டுவந்தார். கிண்ணத்துக்கு ரெஃப்லோனைத் தேர்ந்தார்.

இப்பணிக்கு அவர் தேர்ந்த இடமும் குறிப்பிடத்தக்கது. விகன் நகருக்கு அண்மையில் உள்ள றைற்றிங்ரன் வைத்தியசாலை 1933 இல் காசநோயாளருக்காகத் திறக்கப்பட்டது. ஸ்ரெப்ரோமைசின் முதலிய மருந்துகளின் வரவால் காசநோய் தணிய, அதன் கட்டில்கள் வெறுமையாயின. பெருநகர வைத்தியசாலையிலோ விபத்தில் சிக்கியோரும் அவசர நோயாளரும் இரவு பகலாக வந்துகொண்டிருப்பர். அவர்களுக்கு முதலிடம் அளிக்கப்படுவது நியாயமே. ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத இடுப்பு நோயாளி ஒவ்வொரு முறையும் பின்தள்ளப்படுவார். இதனை நன்குணர்ந்த சார்ன்லி, 1960களின் தொடக்கத்தில் மன்செஸ்ரர் பதவியைத் துறந்து, இடுப்பு மூட்டுக்கென்றே தனிக் கட்டில்கள், தனிச் சத்திரசிகிச்சைக் கூடம், தனி ஊழியர், தனி ஆய்வுப் பட்டறை கொண்ட நிலையத்தை றைற்றிங்ரனில் அமைத்தார்.

பெருந்தோல்வி

முதலில் கிடைத்த பலன் வியப்பூட்டியது. ஆண்டுக்கணக்கில் வலியால் உறங்காதோர் வலியின்றி நடந்தனர். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ரெஃப்லோன் தேய்ந்தது. அதன் துகள்கள் சுற்றியுள்ள திசுக்களைப் புண்படுத்தி எலும்பையும் அரித்தன. ஏறத்தாழ 300 பேர் அதனைப் பொருத்தியிருந்தனர். சார்ன்லி தோல்வியை மறைக்கவில்லை. தாம் பொருத்திய மூட்டுகளைத் தாமே மீண்டும் திறந்து அகற்றும் துயரப் பணியை மேற்கொண்டார். ரெஃப்லோன் துண்டைத் தமது தொடையிலேயே புதைத்து, அதன் தீங்கைத் தம் உடலில் கண்டறிந்து எழுதியும் வைத்தார்.

விடிவு எதிர்பாராத வழியில் வந்தது. 1962 மே மாதத்தில், நெசவு இயந்திரங்களின் பற்சில்லுகளுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பொலிஎதிலீனை விற்பனையாளர் ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார். நகத்தால் அழுத்திப் பார்த்த சார்ன்லி அதனைப் பயனற்றதென ஒதுக்கினார். ஆனால் அவரது பட்டறைத் தொழில்நுட்பவியலாளர் ஹாரி கிரேவன், சார்ன்லி வெளிநாடு சென்றிருந்த வேளையில் அதனைத் தேய்மான இயந்திரத்தில் இட்டுச் சோதித்தார். வாரக்கணக்கில் ஓடியும் அது அற்பமாகவே தேய்ந்திருந்தது. திரும்பி வந்த சார்ன்லி தம் கருத்தை மாற்றிக்கொண்டு, அவ்வாண்டு நவம்பரில் அப்பொருளைக் கொண்டு முதற் சத்திரசிகிச்சையைச் செய்தார்.

அவசரப்பட்டதன் விலையை உணர்ந்த அவர் இம்முறை நிதானித்தார். பல ஆண்டுகளின் பெறுபேறுகளைக் காணும்வரை புதிய மூட்டைப் பொதுவிற்பனைக்கு அனுமதிக்கவில்லை. றைற்றிங்ரன் வந்து பயிற்சி பெற்ற நிபுணருக்கே அது வழங்கப்பட்டது. இறந்தபின் தம் மூட்டை ஆய்வுக்கு அளிக்கும்படி நோயாளரிடம் கேட்டார், பலர் இசைந்தனர். கிருமித்தொற்றைத் தடுக்க, வடிகட்டிய காற்று பாயும் கூடாரத்தையும், மூச்சுக்காற்றை வெளியே இழுக்கும் ஆடையையும் உருவாக்கினார். தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழுக்கும் மேலாக இருந்த தொற்று, பின்னர் நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தது.

1974 இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதும், 1975 இல் றோயல் சொசைற்றி அங்கத்துவமும், 1977 இல் சேர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1982 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, தமது 70 ஆவது வயதில் அவர் காலமானார்.

வரிசையும் பாடமும்

இன்று பொருத்தப்படும் இடுப்பு மூட்டுகளில் பத்துக்கு ஆறு வரை 25 ஆண்டுகள் நிலைக்கும் என 2019 இல் வெளியான ஆய்வொன்று கணித்துள்ளது. இத்தகைய சிகிச்சையை வேண்டுவோர் பெருகியதில் வியப்பில்லை. வைத்தியரின் பரிந்துரையிலிருந்து 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் நியமம். நூற்றுக்கு 92 பேருக்கு அதனை நிறைவேற்றும் இலக்கு, 2016 இன் தொடக்கத்துக்குப் பின்னர் 2024 முடியும்வரை ஒருமுறையேனும் எட்டப்படவில்லை. 2020 இன் கொரோனாத் தொற்றுக் காலத்தில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட, 2023 இல் எல்லாச் சிகிச்சைகளுக்குமான பட்டியல் 77 இலட்சத்தை எட்டியது. அதில் மிகப் பெரிய பிரிவு எலும்பு மூட்டுச் சிகிச்சையே.

சார்ன்லி புதிய மூட்டைப் பொதுவிற்பனைக்கு விடாது தாமதித்ததும் ஒரு காத்திருப்பே. அது நோயாளரைக் காக்கப் பிறந்தது. கட்டிலும் கூடமும் ஊழியரும் போதாமையால் வரும் காத்திருப்பு அத்தகையதன்று. அந்நாட்களில் தசைகள் மெலிகின்றன, வேலை பறிபோகிறது, முதியோர் வீட்டுக்குள் முடங்குகின்றனர். இதற்கு மருந்து என இன்று கூறப்படுவது, அவசர நோயாளரின் வரவால் தடைப்படாத தனி நிலையங்களாகும். 2004 இல் எப்சம் நகரில் மூட்டுச் சிகிச்சைக்கென அத்தகைய நிலையமொன்று திறக்கப்பட்டது. சார்ன்லி றைற்றிங்ரனில் செய்து காட்டியதும் இதுவே.

வரிசையில் நிற்கும் எம்மவர் ஒன்றை மனங்கொள்ளல் நன்று. இங்கிலாந்தில் அகதி அந்தஸ்துப் பெற்றோரும், விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளோரும் பொது வைத்தியசாலையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற உரித்துடையோர். வலி மிகுந்தால் மௌனமாகப் பொறுத்திராது குடும்ப வைத்தியரிடம் மீண்டும் கூறுவதும், மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும், வரிசை குறைந்த வேறு வைத்தியசாலைக்கு மாற்ற இயலுமா என வினவுவதும் தவறல்ல. ஒரு நோயாளியின் இடுப்பில் எழுந்த சிற்றொலியைச் செவிமடுத்தவரால்தான் இச்சிகிச்சையே பிறந்தது.