அமில மழைக்குப் பேர் வைத்தவர்: யார் இந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்?

திருமழிசை சிட்கோ பக்கம் மழை பெய்தால் டிராஃபிக்கைத்தான் கவனிப்போம். அந்தத் தண்ணீரில் என்னவெல்லாம் கலந்திருக்கும் என்று 170 வருஷத்துக்கு முன்பே சோதித்துப் பார்த்தவர் ஸ்மித்.

1817-ல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ அருகே பிறந்தார். ஜெர்மனியில் லீபிக்கிடம் வேதியியல் படித்துவிட்டு மான்செஸ்டரில் செட்டிலானார். பஞ்சாலை ஊர். எங்கே பார்த்தாலும் நிலக்கரிப் புகை.

மழையில் என்ன இருந்தது?

1852-ல் வெளியான அவரது ஆய்வில், வயல்வெளி மழையில் தனி அமிலம் இல்லை. புறநகரில் சல்பேட் உப்பு. நகருக்குள் கந்தக அமிலமே இருந்தது! நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து வாயுவாகி, காற்றின் ஈரத்தில் அமிலமாக மாறுகிறது. துணிச் சாயம் வெளுப்பதற்கும் இரும்பு துருப்பிடிப்பதற்கும் இதைத்தான் காரணமாகக் காட்டினார்.

சட்டம் என்ன செய்தது?

1860-களில் பிரிட்டனின் முதல் ஆல்கலி இன்ஸ்பெக்டர் ஆனார். சோடா ஆலைகள் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் 95% வெளியே போகாமல் பிடிக்க வேண்டும் என்ற சட்டத்தை அமல்படுத்தினார். ஆனால், நிலக்கரிப் புகை அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. 1872-ல் எழுதிய புத்தகத்தில் 'அமில மழை' என்ற பெயரைப் பயன்படுத்தினார். 1884-ல் இறந்தார்.

இன்று?

இந்திய அனல் மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு வரம்பு 2015-ல்தான் வந்தது. அந்த வாயுவைப் பிடிக்கும் கருவி பெரும்பாலான நிலையங்களுக்குக் கட்டாயமில்லை என 2025-ல் தளர்த்தப்பட்டது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களிலிருந்து 10 கி.மீ.க்குள் இருக்கும் நிலையங்களுக்குக் கட்டாயம் தொடர்கிறது.