திருப்பணிச் செம்மல் தமிழவேள் பி. டி. இராசன்

சுருளியும் முல்லையாறும் வளஞ்செய்யும் கம்பம் பள்ளத்தாக்கிலே, ஞானாம்பிகை உடனுறை திருக்காளாத்தீசுவரர் எழுந்தருளியுள்ள தலம் உத்தமபாளையம். அவ்வூரில் 1892ஆம் ஆண்டில், பெருநிலம் உடைய குடும்பத்தில் தோன்றியவர் பொன்னம்பல தியாகராசன். பி. டி. இராசன் என்றே நாடு அவரை அறியும். மேற்கே ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்று நீர், அணையால் திருப்பப்பெற்று இப்பக்கம் வந்தது 1895இல். புதுநீர் புகுந்த மண்ணிலே வளர்ந்த பிள்ளை அவர்.

இளமையிலேயே கடல் கடந்து, கேம்பிரிட்ஜ் லீஸ் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு ஜீசஸ் கல்லூரியிலும் பயின்று, பாரிஸ்டராகித் தாயகம் திரும்பினார். வழக்குமன்றத்தில் அவர் நெடுங்காலம் நிற்கவில்லை. 1920இல் நீதிக்கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபை புகுந்து, 1937 வரை அங்கே பணியாற்றினார். ஆலயச் சொத்துக்களுக்குக் கணக்குக் கேட்கும் அறநிலைய வாரியச் சட்டம் அக்கட்சியின் ஆட்சியில் நிறைவேறியதென்பதை அன்பர்கள் நினைவு கூர்தல் தகும். 1930இல் மந்திரியானார். பொப்பிலி அரசர் விடுப்பில் ஐரோப்பா சென்றபோது, 1936 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை முதன்மந்திரிப் பொறுப்பையும் தாங்கினார். அவர் பெருமைக்கு அப்பதவியைச் சான்று காட்ட வேண்டுவதில்லை.

உண்மையான சோதனை பின்னர் வந்தது. 1944இல் சேலம் மாநாட்டிலே, பெரியார் ஈ. வெ. ரா. தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. கடவுள் மறுப்பு அதன் கொள்கைகளுள் ஒன்று. பெயர் மாற்றத்தை ஏற்காத ஒரு சிலருடன் இராசன் பழைய கொடியின் கீழேயே நின்றார். 1945 முதல் அச்சிறு கூட்டத்திற்குத் தலைமை பூண்டார். 1952 தேர்தலில் கம்பம் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தனர். மாநிலம் முழுவதிலும் நீதிக்கட்சியின் பெயரால் வென்றவர் அவர் ஒருவரே! 1957இல் அவ்வெற்றியும் கிட்டவில்லை. நீதிக்கட்சியினர் என்றாலே நாத்திகர் எனக் கருதுவோர், அந்தத் தனிமையிலே அவர் எடுத்த பணிகளைக் காண்பாராக.

1950இல் சபரிமலைச் சன்னிதானம் தீக்கிரையாயிற்று. மீண்டும் பிரதிட்டை செய்தற்குரிய ஐயப்பனின் ஐம்பொன் திருமேனியை, நாடகக் கலைஞர் நவாப் இராசமாணிக்கம் அவர்களோடு இணைந்து, தமிழகத்து ஊர்கள்தோறும் ஊர்வலமாக எழுந்தருளச் செய்தார் இராசன். அதுகாறும் ஐயப்பன் பெயரை அதிகம் அறியாதிருந்த ஊர்களிலும் சரணகோஷம் எழுந்தது. இன்று கார்த்திகை பிறந்தால் கம்பம், குமுளி வழியாக மலையேறும் மாலையணிந்தோர் கூட்டத்திற்குக் கணக்கில்லை.

அடுத்தது மதுரை. அங்கயற்கண்ணி ஆலயத் திருப்பணிக் குழுவின் தலைமை அவர்பால் வந்தபொழுது அகவை எழுபதை நெருங்கியிருந்தது. சிற்பியும் தச்சரும் வண்ணக்காரரும் ஒருங்கே உழைக்கும் பெரும்பணி அது. பொருள் வேண்டும், பொருளை ஈவோர்க்கு நம்பிக்கையும் வேண்டும். கொடுத்தவர் மனம் கோணாது கணக்கை நடத்துதல் சட்டசபையை நடத்துவதினும் அரிது என்பதைத் திருப்பணியில் இறங்கியவரே அறிவர். சுதைச் சிற்பங்கள் செப்பனிடப்பெற்று, கோபுரங்கள் பன்னிறம் பூண்டு பொலிய, 1963 ஜூன் 28ஆம் நாள் குடமுழுக்கு இனிது நிறைவேறியது.

1974 செப்டம்பரில் தமிழவேள் இறைவனடி சேர்ந்தார். அவர் பிறந்த பள்ளத்தாக்கிலே, முல்லையாற்று நீரை வயல்களுக்குக் கொண்டு செல்லும் கால்வாய் ஒன்று பி. டி. இராசன் கால்வாய் என வழங்கி வருகிறது.