கோண்டால் தீவின் எமிலி

நண்பர்கள் நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்கின்றனர்; ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கின்றனர்; பகடை உருட்டி, இல்லாத நாடு ஒன்றை உண்டாக்கி, அதன் போர்களையும் காதல்களையும் தாமே நடத்துகின்றனர். இந்த விளையாட்டை நம்மில் சிலர் அறிவர். 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பிறகு இது உலகெங்கும் பரவிற்று. ஆனால் அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, பகடையும் விதிநூலும் இல்லாமல், இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் வீட்டில் இத்தகைய ஆட்டம் நடந்தது. ஆடியவருள் ஒருவர் இறுதிவரை ஆட்டத்தைவிட்டு எழவில்லை. அவரே எமிலி பிரான்டே. 'உதரிங் ஹைட்ஸ்' என்னும் ஒரே நாவலால் உலகறிந்தவர்.

எமிலி 1818ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் யார்க்ஷயரில் தார்ன்டன் என்னும் ஊரில் பிறந்தார். ஈராண்டில் குடும்பம் ஹாவொர்த் என்னும் மலையூருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டின் முன்னே கல்லறைகள். பின்னே கண்ணுக்கெட்டிய தூரம் புதர் மண்டிய மேட்டுநிலம். 1821இல் தாய் மறைந்தார். 1825இல் தமக்கையர் இருவர், பள்ளியில் கண்ட நோயால், ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். எஞ்சிய பிள்ளைகள் நால்வர்: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன்.

1826 ஜூன் மாதம் தந்தையார் லீட்ஸ் நகரிலிருந்து மகனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கிவந்தார். மொத்தம் 12 பொம்மைகள். மறுநாள் காலை பிரான்வெல் பெட்டியோடு வந்து நிற்க, சார்லட்டும் எமிலியும் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தனர். சார்லட் மிக அழகிய சிப்பாயைப் பறித்து வெல்லிங்டன் பிரபு என்று பெயரிட்டார். பிரான்வெல்லின் சிப்பாய் நெப்போலியன் ஆயிற்று. எமிலிக்குக் கிடைத்தது உம்மென்று முகம் வைத்திருந்த ஒன்று.

அந்தச் சிப்பாய்கள் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி 'கண்ணாடி நகரம்' ஒன்றை எழுப்பினர். குழந்தைகள் நால்வரும் அந்நகரைக் காக்கும் பூதங்கள் ஆனார்கள். இறந்த வீரனையும் எழுப்பும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு! இரு தமக்கையரைப் புதைத்து ஓராண்டே ஆன வீட்டில் இப்படி ஒரு விதி பிறந்தது வியப்பன்று. நகருக்குச் செய்தித்தாள், சட்டம், கவிஞர் எல்லாம் வந்தன. சிப்பாய்கள் படிக்கத்தக்க அளவில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஏடுகளைத் தைத்து, அச்செழுத்துப் போன்ற பொடி எழுத்தில் சார்லட்டும் பிரான்வெல்லும் நிரப்பினர்.

1831இல் சார்லட் பள்ளி சென்றதும் இளையவர் இருவரும் பிரிந்து தமக்கென ஒரு நாடு கண்டனர். வட பசிபிக் கடலில் ஒரு பெருந்தீவு, பெயர் கோண்டால். (குஜராத்தில் அப்பெயரில் இருந்த சமஸ்தானம் வேறு.) தென் பசிபிக்கில் கோண்டாலியர் கண்டுபிடித்த தீவு கால்டைன். வீட்டிலிருந்த பூகோளப் பாடநூலின் ஊர்ப்பட்டியலில், மெய்யான ஊர்களுக்கு நடுவே, இந்த ஊர்களையும் ஆன் தம் கையால் எழுதிச் சேர்த்துவிட்டார். 1834இல் இருவரும் எழுதிய ஒரு குறிப்புத் தாளில், கோண்டாலியர் கால்டைனின் உட்பகுதியை ஆராயும் செய்திக்கு அடுத்ததாகவே, வேலைக்காரப் பெண் அடுக்களையில் துணி துவைக்கும் செய்தி வருகிறது. அவர்களுக்கு இரண்டும் ஒரே வீட்டுச் செய்திகள்!

1839 அளவில் சார்லட் தம் கற்பனை நாடாகிய ஆங்கிரியாவிடம் விடைபெற்று ஓர் ஏடு எழுதினார். பகற்கனவு தம்மை வேலைக்கு ஆகாதவராக்கும் என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. எமிலி விடைபெறவில்லை. வெளியூர் அவருக்கு ஒத்துக்கொண்டதுமில்லை. 1835இல் பள்ளியில் மூன்று மாதம். அதற்குள் உடல் மெலிந்து வீடு திரும்பினார். ஆசிரியப் பணி சில மாதங்கள். 1842இல் பிரஸ்ஸல்ஸில் படிப்பு. பிறகு வீட்டுப் பொறுப்பை ஏற்று, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே ஜெர்மன் படித்தார். 1844இல் தம் கவிதைகளை இரண்டு ஏடுகளில் படியெடுக்கலானார். ஒன்றின் தலைப்பு 'கோண்டால் கவிதைகள்'.

1845 ஜூன் இறுதியில் எமிலியும் ஆனும் யார்க் நகருக்குச் சென்றுவந்தனர். எமிலிக்கு அப்போது 27 வயது நிரம்ப ஒரு மாதம் இருந்தது. வழியெல்லாம் அவர்கள் தாமாக இல்லை. குடியரசுப் படையால் நெருக்கப்பட்ட அரசபக்தர்களோடு சேரத் தப்பியோடும் கோண்டால் இளவரசர், இளவரசியர் பலராக மாறி மாறி நடித்தனர். எமிலி தம் குறிப்பில் இதை மகிழ்வோடு எழுதுகிறார். அதே நாளில் ஆன் எழுதிய குறிப்பிலோ, ஆட்டம் முன்போல் நன்றாக நடக்கவில்லை என்னும் சலிப்புத் தெரிகிறது. தோழி மெல்ல விலகுகிறாள். எமிலி அதை உணர்ந்தாரோ என்னவோ!

அந்த இலையுதிர்காலத்தில் சார்லட் எமிலியின் கவிதை ஏடொன்றைத் தற்செயலாகக் கண்டு, அனுமதியின்றிப் படித்துவிட்டார். எமிலி சீறினார். சமாதானம் செய்யப் பல மணி நேரமும், அச்சிட இசைவிக்கப் பல நாள்களும் ஆயின. சார்லட் செய்தது பிழைதான். ஆனால் அப்பிழை நேராவிட்டால் நாம் எமிலியை அறிந்தே இருக்கமாட்டோம்.

எமிலி ஒரு விலை கேட்டார் போலும். 1846இல் சகோதரியர் மூவரும் புனைபெயரில் வெளியிட்ட கவிதை நூலில் கோண்டாலின் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. கோண்டால் பெண்ணொருத்தி மாண்ட காதலனை எண்ணி அழும் பாடல், பெயரிழந்து, கவிஞரின் சொந்தத் துயரம்போல நின்றது. நூல் முதலில் இரண்டே படிகள் விற்றது. பிற்காலத்தாரோ அந்தக் காதலனைத் தேடத் தொடங்கினர். 1936இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு, கையெழுத்தேட்டில் 'காதலின் விடை' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை 'லூயி பேரன்செல்' என்று தவறாகப் படித்து, எமிலிக்கு ஒரு காதலனையே படைத்துவிட்டது!

1847 டிசம்பரில் நாவல் வெளிவந்தது. அதன் அடங்காக் காதலும் பழியும் பல ஆண்டுகள் கோண்டாலில் பழகியவையே என்பது என் எண்ணம். நாவல் வந்த பின்னும், 1848 மே மாதம், கோண்டால் உள்நாட்டுப் போரைப் பாடும் பழைய கவிதையொன்றை எடுத்துத் திருத்தி எழுதத் தொடங்கினார், அது முடியவில்லை. செப்டம்பரில் பிரான்வெல் மாண்டார். டிசம்பர் 19ஆம் நாள், 30 வயதில், காசநோயால் எமிலி மறைந்தார். அடுத்த மே மாதம் ஆனும் சென்றார்.

கோண்டாலின் உரைநடைக் கதைகளில் ஒன்றும் எஞ்சவில்லை. கவிதை ஏடு மட்டும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது; அதன் தலைப்பில் அத்தீவின் பெயர் இன்னும் எமிலியின் கையெழுத்திலேயே நிற்கிறது.