ஒரு பென்னிக்கு விற்ற வீரன்: ஜாக் கார்ன்வெல்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் பல சிகரெட் பெட்டிகளுக்குள் ஒரு சிறு பட அட்டையும் இருக்கும். காலஹர் நிறுவனம் மட்டும் 1915, 1916ஆம் ஆண்டுகளில் விக்டோரியா கிராஸ் விருது பெற்ற வீரர்களைப் பற்றி 25 அட்டைகள் வீதம் எட்டு வரிசைகளை வெளியிட்டது. புகைத்தவர்கள் அப்பாக்கள், அட்டைகளைச் சேர்த்தவர்கள் பிள்ளைகள். அப்படிச் சேர்க்கும் வயதுப் பையன் ஒருவனே பின்னர் படமாகிப் போனான். அவன்தான் ஜாக் கார்ன்வெல்.

1900 ஜனவரி 8ஆம் நாள், லண்டனை ஒட்டிய லெய்ட்டனில் ஓர் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தான். பள்ளியை விட்டதும் புரூக் பாண்ட் தேயிலை வண்டியில் எடுபிடிப் பையனாக வேலை செய்தான். 1915இல் கடற்படையில் சேர்ந்தான்.

1916 மே 31. ஜட்லாந்து கடற்போர். 'செஸ்டர்' கப்பலின் முன்புறப் பீரங்கியில் குறி அளவைத் திருத்துவது அவன் வேலை. நான்கு ஜெர்மானியக் கப்பல்கள் அதன்மேல் குண்டு பொழிந்தன. பீரங்கியின் இரும்புக் கவசம் தளம் வரை எட்டவில்லை. இடைவெளி வழியே பாய்ந்த சிதறல்கள் பலரின் கால்களைப் பறித்தன. கூட்டாளிகள் சுற்றிலும் விழுந்து கிடக்க, நெஞ்சில் இரும்புத் துண்டுகளோடு, ஜாக் கட்டளைக்காகத் தன் இடத்திலேயே நின்றான். ஜூன் 2ஆம் நாள் கிரிம்ஸ்பி மருத்துவமனையில் இறந்தான். அம்மா வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. வயது 16. நம் நாட்டில் நான்காம் படிவம் படிக்கும் வயது!

முதலில் அவனைப் பொதுக் குழியில்தான் புதைத்தார்கள். செய்தித்தாள்கள் எழுதிய பிறகே, ஜூலை 29இல் முழுக் கடற்படை மரியாதையோடு மறு அடக்கம் நடந்தது. செப்டம்பரில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. ஓவியர் பிராங்க் சாலிஸ்பரி அவனை வரைந்தபோது, மாதிரியாக நின்றவன் அவன் சகோதரன்.

பள்ளிகளில் 'ஜாக் கார்ன்வெல் நாள்' கொண்டாடினார்கள். அவன் படம் போட்ட சிறு வில்லைகளைப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்து வாங்கினார்கள். அந்தப் பணம் ஊனமுற்ற வீரர்களுக்கான இல்லத்துக்குப் போனது. நல்ல காரியம்தான், ஆனால் வில்லையில் சிரித்தவனின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று யார் கேட்டார்கள்? தந்தை ஈலை அதே ஆண்டு அக்டோபரில் இறந்து, மகனின் கல்லறையிலேயே அடக்கமானார். மகனுக்கான பதக்கத்தை நவம்பரில் அரண்மனைக்குச் சென்று மன்னரிடம் பெற்றுக்கொண்ட தாய், 1919இல் வறுமையில், வாடகை அறையில் காலமானார்.

அந்தப் பீரங்கி இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.