ரோஜா முள் காட்டிய உண்மை
விஞ்ஞானி மெச்னிகாப் வாழ்க்கை

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தில் வெயில் காலத்தில் வீட்டுக்கு வருகிறவருக்கு மோர் கொடுப்பார்கள். அந்த மோரில் கோடிக்கணக்கான கிருமிகள் உண்டு. பயப்பட வேண்டாம். அவை நல்ல கிருமிகள்!

வயிற்றுக் கிருமிகளுக்கும் உடல் நலத்துக்கும் தொடர்பு உண்டு என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், இலியா மெச்னிகாப்.

மனைவியின் மரணம்

இன்று உக்ரேன் நாட்டில் உள்ள கார்கிவ் நகருக்கு அருகே 1845-ம் ஆண்டு பிறந்தார். 1869-ல் லுத்மிலா என்ற பெண்ணை மணந்தார். அவளுக்கு அப்போதே காச நோய். நடக்க முடியாத மணப்பெண்ணை, நாற்காலியில் வைத்து மாதா கோவிலுக்குத் தூக்கி வந்தார்கள்!

அவளைக் காப்பாற்ற மெச்னிகாப் பாடுபட்டார். பலன் இல்லை. 1873-ல் லுத்மிலா இறந்தாள். மனம் உடைந்த அவர் உயிரை விடவும் துணிந்தார். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். பிறகு ஓல்கா என்ற பெண்ணை மணந்தார்.

சர்க்கசுக்குப் போகாதவர்

1882-ம் ஆண்டு. இத்தாலியில் மெசினா என்ற கடற்கரை ஊர். வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். மெச்னிகாப் மட்டும் மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்திருந்தார்.

நட்சத்திர மீனின் குஞ்சு, கண்ணாடி போல் இருக்கும். உள்ளே நடப்பது வெளியே தெரியும். அதன் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை.

விடிந்ததும் பார்த்தார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்திருந்தன!

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களும் இப்படித்தான் நோய்க் கிருமிகளைச் சூழ்ந்து தின்கின்றன. அவை உடம்பின் காவல்காரர்கள். இதைக் கண்டறிந்ததற்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பால் எர்லிச் என்ற விஞ்ஞானியும் அப்பரிசில் பங்கு பெற்றார்.

பாரிஸ் நகரில் பாஸ்டர் நிலையத்தில் இருந்தபோது, குடல் கிருமிகளை மெச்னிகாப் ஆராய்ந்தார். புளித்த பால் ஆயுளை வளர்க்கும் என்று நம்பினார். தாமும் அதை அருந்தி வந்தார். 1916-ல் தமது 71-வது வயதில் காலமானார்.

காவல்காரனே தாக்கினால்?

வீட்டைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டை இடித்தால்? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் அதுதான் நடக்கிறது.

மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை இருப்பது போல, நரம்புக்கும் உறை உண்டு. உடம்பின் காவல் அணுக்களே அந்த உறையை அரிக்கின்றன. மூளையில் ஆங்காங்கே புண் உண்டாகிறது. கண் மங்கும். கை கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். பெரும்பாலும் வயது வந்தவர்களுக்கு வரும் இந்த நோய், சில வேளை குழந்தைகளுக்கும் வருகிறது.

குடல் கிருமிகளுக்கு இதில் பங்கு உண்டா? இந்த நோய் உள்ள 18 குழந்தைகளையும், இல்லாத 17 குழந்தைகளையும் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது. இரு சாராரின் குடல் கிருமிகளிலும் சில வேற்றுமைகள் தெரிந்தன. ஆனால் கிருமியால் நோய் வந்ததா, நோயால் கிருமி மாறியதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

மோர் நல்லதுதான். ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தல்ல.

லுத்மிலாவின் காலத்தில் காச நோய்க்கு மருந்து இல்லை. இந்த நோயை அடக்கி வைக்க இன்று மருந்துகள் உண்டு. ஆகவே, குழந்தைக்குத் திடீரென்று கண் மங்கினால், கால் மரத்துப்போனால், மந்திரித்துக் காலம் கடத்தாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.