தோண்டுமுன் நோய் அறிந்தவர்

பம்மலில் நான் வசிக்கும் தெரு குடிநீர்க் குழாய்க்காக ஒருமுறையும், புதை சாக்கடைக்காக மறுமுறையும், மழைநீர் வடிகாலுக்காக இன்னொரு முறையும் தோண்டப்பட்டது. ஒவ்வொரு முறை பள்ளம் மூடப்படும்போதும் என் நினைவுக்கு வருபவர் பேட்ரிக் கெடிஸ்.

ஸ்காட்லாந்தில் 1854-இல் பிறந்த கெடிஸ் உயிரியல் பயின்றவர். இளமையில் மெக்சிகோ சென்றபோது அவரது கண்பார்வை பாதிக்கப்பட்டது; நுண்ணோக்கி ஆய்வு கைகூடாமல் போயிற்று. உயிர்களை ஆராய்ந்த அவரது சிந்தனை நகரங்களின் பக்கம் திரும்பியது. எடின்பரோவின் நெரிசல் மிகுந்த பழைய குடியிருப்பில் மனைவி அன்னாவுடன் குடியேறி, சிதிலமடைந்த வீடுகளைச் செப்பனிட்டார்.

சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பை ஏற்று 1914-இல் இந்தியா வந்தார். அவரது நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. அவர் தளரவில்லை. புதிதாகத் திரட்டிய பொருள்களுடன் 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைக் கால்நடையாகச் சுற்றி அறிக்கைகள் எழுதினார்.

மருந்துக்கு முன் நோயறிதல் வேண்டும் என்பதே அவரது நெறி. வீடுகளை இடித்து நேர்த்தெரு அமைப்பதைவிட, தேவையான இடத்தில் மட்டும் சிறு மாற்றம் செய்வதே செலவும் துயரமும் குறைந்த வழி எனக் காட்டினார். மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை எதிர்த்தார்; கொசுப்புழுவை மீன்களும் வாத்துகளும் தின்றுவிடும், குளமோ ஊரைக் குளிர்விக்கும் என்றார். 1918-இல் வெளியான இந்தூர் அறிக்கையில், கழிவைத் தோட்டங்களுக்கு உரமாக்கும் வழியை வற்புறுத்தினார். குடிநீர், கழிவுநீர், குளம், தோட்டம் ஆகிய அனைத்தும் அவருக்கு ஒரே உடலின் உறுப்புகள். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919 முதல் சமூகவியல் பேராசிரியராக இருந்த அவர், 1932-இல் பிரான்சில் மறைந்தார்.

தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பகுதி எங்களுடையது. மழைக்காலத்தில் தெருவில் வெள்ளம். கோடையில் தண்ணீர் லாரி. 2021-இல் பம்மல் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. நிர்வாகம் ஒன்றானது போல் திட்டங்களும் ஒன்றாக வேண்டாமா? வடிகால் ஏரியை நிரப்புகிறதா, சாக்கடை அடையாற்றைக் கெடுக்காதிருக்கிறதா, சுத்திகரித்த நீர் மறுபயன் பெறுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே வரைபடத்தில் விடை காண வேண்டும். அதன் பிறகே மண்வெட்டி தெருவில் இறங்கட்டும்.