உடி குத்ரி

மண்ணையும் மனையையும் இழந்து வழியில் நின்ற மக்களுக்குத் தம் பாட்டால் குரல் கொடுத்தவர் உடி குத்ரி என்னும் அமெரிக்க நாட்டுப் பாடகர்.

இவர் 1912-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14-ஆம் நாள், ஒக்லகோமா மாநிலத்தைச் சேர்ந்த ஒகிமா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சார்லி நிலம் வாங்கி விற்கும் தொழிலினர். அன்னையார் நோரா பழைய கதைப் பாடல்களைப் பாடி மகனை வளர்த்தார். இளமையிலேயே இவரை இன்னல்கள் சூழ்ந்தன. 1919-இல் தமக்கையார் கிளாரா தீக்கு இரையானார். தந்தையாரின் செல்வம் கரைந்தது. அன்னையாரை வழிவழி வரும் கொடிய நரம்பு நோய் ஒன்று பற்றியது. 1927-இல் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

பின்னர் உடி, டெக்சாஸ் மாநிலத்துப் பம்பா நகருக்குச் சென்றார். அங்கே உறவினர் ஒருவரிடம் கிட்டார் பயின்றார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பொருள் ஈட்டினார்.

அப்பெருஞ்சமவெளியின் புல்வெளிகளை உழவர்கள் உழுது கோதுமை விதைத்திருந்தனர். மழை பொய்த்தது. புல்லின் வேர்ப்பிடிப்பை இழந்த மண் காற்றில் எழுந்தது. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் வீசிய புழுதிப் புயலால் பம்பாவில் பகல் இரவாயிற்று. விளைவிழந்தும் கடன்பட்டும் வாடிய குடும்பங்கள் பல கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டன. குத்ரியும் சரக்கு ரயில்களில் ஏறியும், வழியில் வந்த வண்டிகளில் இடம் கேட்டும் அங்கே சென்றார். வந்தேறிகள் என இகழப்பட்டுக் குறைந்த கூலிக்குப் பழம் பறித்த மக்களின் துயரத்தைக் கண்ணாரக் கண்டார்.

1937-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலியில் பாடத் தொடங்கினார். மக்கள் அறிந்த பழைய மெட்டுகளில் புதிய சொற்களை அமைத்தமையால், அவர் பாடல்கள் எளிதில் அவர்கள் நாவில் ஏறின. 1940-இல் நியூயார்க் நகரை அடைந்தார். அவ்வாண்டிலேயே புழுதிப் புயல் பற்றிய அவருடைய பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன.

புகையிலை நிறுவனம் ஒன்று நடத்திய வானொலி நிகழ்ச்சி அவருக்கு மிகுந்த ஊதியம் அளித்தது. மனைவியும் மூன்று மக்களும் வறுமை நீங்கினர். ஆயினும், தாம் விரும்பியதைப் பாட அங்கே உரிமை இல்லை. 1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வேலையைத் துறந்தார். அத்துணிவுக்கு உரிய விலையை அவர் குடும்பமும் செலுத்த நேர்ந்தது. வறுமை மீண்டும் வந்தது.

அவ்வாண்டு மே திங்களில், கொலம்பியா ஆற்று அணைகளைப் பற்றிப் பாடல் இயற்றும் பணி அவரை வந்தடைந்தது. வறண்ட நிலத்துக்கு நீரும் வீடுகளுக்கு மின்னொளியும் தரும் அணைகளில், புழுதியால் வீடிழந்தோரின் புதுவாழ்வை அவர் கண்டார். ஒரே திங்களில் 26 பாடல்கள் பிறந்தன.

அன்னையாரைப் பற்றிய நோயே பின்னாளில் அவரையும் பற்றியது. கிட்டார் மீட்டிய கைகள் தளர்ந்தன. நெடுங்காலம் நோயுற்றிருந்து 1967-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் இயற்கை எய்தினார். எனினும், 1940-இல் அவர் எழுதிய ‘இந்த நிலம் உன் நிலம்’ என்னும் பொருள்படும் பாடலை அமெரிக்கப் பள்ளிச் சிறுவர்கள் இன்றும் பாடி வருகின்றனர். சொந்த நிலமின்றி அலைந்தவர், நாடு முழுவதும் அனைவர்க்கும் உரியது எனப் பாடி மறைந்தார்.